எல்லை கடந்த இணையச் சூதாட்டமும் சட்ட அதிகாரமும்: ஆண்டிகுவா வழக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரு நாட்டில் உரிமம் பெற்ற இணையச் சூதாட்ட நிறுவனம், அதனைத் தடை செய்த மற்றொரு நாட்டின் குடிமக்களிடம் பந்தயம் பெறும்போது எந்நாட்டுச் சட்டம் செல்லும் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. உலக வணிக அமைப்பில் ஆண்டிகுவா – பர்புடா ஐக்கிய அமெரிக்காவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு மையச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பிரிட்டன், மால்டா, இந்தியா ஆகிய நாடுகளின் நடைமுறைகள் அதனோடு ஒப்பிடப்படுகின்றன. ஆடுபவர் இருக்கும் நாட்டின் சட்டமே நடைமுறையில் மேலோங்கியுள்ளது என்பதும், அம்மேலோங்கல் நீதிமன்றத் தீர்ப்புகளால் அன்றிப் பணம் செல்லும் வழியின் மீதான பிடியால் விளைந்தது என்பதும், அப்பிடி இல்லாத அரசுகளின் சட்டம் ஏட்டளவில் நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: இணையச் சூதாட்டம், ஆட்புல எல்லை, உரிமம், சேவை வணிகம், பொது ஒழுக்கம், பணப்பரிமாற்றம்.

முன்னுரை

திருக்குறளின் ‘சூது’ அதிகாரத்தில் ‘கழகம்’ என்னும் சொல் சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. பிற்காலத்தில் அச்சொல் கல்விக்கும் அரசியலுக்கும் உரியதாகிவிட்டது. ஆயினும் சூதினை அதன் இடத்தோடு சேர்த்தே எண்ணும் வழக்கம் மாறவில்லை. 1867ஆம் ஆண்டின் இந்தியப் பொதுச் சூதாட்டச் சட்டமும், அதன் வழிவந்த சென்னை மாகாணத்தின் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் ‘பொதுச் சூதாட்ட இல்லம்’ என்னும் கருத்தின் மீதே கட்டப்பட்டவை. ஒரு வீடு, அதனை நடத்துபவர், அங்கே கூடியிருப்போர், கைப்பற்றத்தக்க சீட்டுகள், தாயக்கட்டைகள், பணம் ஆகியவையே அச்சட்டங்களின் கண்ணுக்குத் தெரிந்தன. காவலர் கதவைத் தட்டினால் குற்றமும் குற்றவாளியும் ஒரே கூரையின்கீழ் அகப்படுவர்.

இணையம் அந்தக் கூரையை நீக்கிவிட்டது. ஆடுபவர் ஓர் ஊரில் இருக்கிறார்; கணினி வழங்கி மற்றொரு நாட்டில் இயங்குகிறது; உரிமம் மூன்றாம் நாடொன்று அளித்தது; பணத்தைக் கைமாற்றும் நிறுவனம் நான்காம் நாட்டினது. பந்தயம் எங்கே வைக்கப்பட்டது என்ற எளிய கேள்விக்கு நான்கு விடைகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு விடைக்கும் ஒரு சட்டம் உண்டு. அவை ஒன்றையொன்று மறுக்கின்றன.

இணையத்துக்கு முந்தைய ஒரு முன்னோடி

இச்சிக்கல் இணையத்தோடு பிறந்தது என்று கருதுவது முழுமையான உண்மையன்று. 1957ஆம் ஆண்டு இந்திய உச்சநீதிமன்றம் பம்பாய் அரசு எதிர் சமர்பாக்வாலா வழக்கில் வழங்கிய தீர்ப்பு இங்கு நினைவுகூரத்தக்கது. பம்பாய் மாகாணம் 1948இல் பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்தி வரி விதிக்கும் சட்டம் இயற்றியது. அன்றைய மைசூர் மாநிலத்தின் பெங்களூரில் அச்சிடப்பட்ட ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ இதழ் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகளை நடத்தியது. அவ்விதழ் பம்பாயில் பெருமளவில் விற்பனையாயிற்று. நுழைவுப் படிவங்களும் கட்டணங்களும் பம்பாயிலிருந்தே திரட்டப்பட்டன. 1952இல் பம்பாய் அரசு தன் சட்டத்தைத் திருத்தி, மாநிலத்துக்கு வெளியே அச்சாகும் இதழ்களின் போட்டிகளையும் அதன் வரம்புக்குள் கொணர்ந்தது.

வெளிமாநிலத்தில் நடத்தப்படுவதை ஒரு மாநிலச் சட்டம் தொட முடியுமா என்பதே வழக்கு. இதழ் எங்கே அச்சிடப்பட்டது என்பதைக் காட்டிலும், போட்டியில் கலந்துகொள்வோர் எங்கே இருக்கின்றனர், பணம் எங்கே திரட்டப்படுகிறது என்பதையே நீதிமன்றம் எடைபோட்டது. சட்டத்துக்கும் செயலுக்கும் இடையிலான தொடர்பு மாயையாக இன்றி உண்மையாக இருக்கவேண்டும். விதிக்கப்படும் பொறுப்பு அத்தொடர்புக்குப் பொருந்தியதாக இருக்கவேண்டும் என இரு அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. சூதாட்டம் அரசமைப்பு பாதுகாக்கும் தொழிலோ வணிகமோ ஆகாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. ‘பெங்களூர்’ என்பதற்குப் பதிலாக ‘கரீபியத் தீவு’ என்றும், ‘இதழ்’ என்பதற்குப் பதிலாக ‘தளம்’ என்றும் மாற்றினால் இன்றைய வழக்கின் வடிவம் அப்படியே கிடைக்கும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பம்பாயும் பெங்களூரும் ஒரே உச்சநீதிமன்றத்தின்கீழ் இருந்தன. நாடுகளுக்கு இடையே அத்தகைய மன்றம் இல்லை.

தீவின் உரிமமும் வல்லரசின் தடையும்

அத்தகைய மன்றத்துக்கு ஓரளவு நெருங்கி வந்தது உலக வணிக அமைப்பின் தகராறு தீர்ப்பு முறை. கரீபியக் கடலில் ஓர் இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஆண்டிகுவா – பர்புடா, சுற்றுலாவை மட்டும் நம்பியிராமல் வேறு வருவாய் தேடி, 1990களில் இணையப் பந்தய நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. அவற்றின் முதன்மை வாடிக்கையாளர்கள் அமெரிக்கர்கள். அமெரிக்காவிலோ, கம்பிவழித் தொடர்பின் மூலம் மாநில எல்லை கடந்து பந்தயம் நடத்துவதை 1961ஆம் ஆண்டின் கம்பிச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. அது தொலைபேசிக் காலத்துச் சட்டம்.

முதல் மோதல் குற்றவியல் நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. ஆண்டிகுவாவில் உரிமம் பெற்று விளையாட்டுப் பந்தய நிறுவனம் நடத்திய கோகன் என்னும் அமெரிக்கர், தம் மீதான குற்றச்சாட்டை எதிர்கொள்ளத் தாமே நாடு திரும்பினார். பந்தயம் ஏற்கப்பட்ட இடம் ஆண்டிகுவா. அங்கே அது சட்டபூர்வமானது என்பது அவர் தரப்பு வாதம். நியூயார்க்கிலிருந்து பந்தயம் அனுப்பப்பட்டது. நியூயார்க்கில் அது சட்டபூர்வமன்று என்பது அரசுத் தரப்பு வாதம். 2000ஆம் ஆண்டு அவருக்கு 21 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

2003 மார்ச்சில் ஆண்டிகுவா இவ்வழக்கை வணிகத் தகராறாக மாற்றி உலக வணிக அமைப்பின் முன் வைத்தது. சேவை வணிகத்துக்கான பொது ஒப்பந்தத்தில் அமெரிக்கா அளித்திருந்த உறுதிப்பட்டியலில் ‘பிற பொழுதுபோக்குச் சேவைகள் (விளையாட்டு நீங்கலாக)’ என ஒரு வரி இருந்தது. அந்த வரி சூதாட்டத்தையும் உள்ளடக்குமா? அவ்வாறு உறுதியளிக்கும் எண்ணம் தனக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்றது அமெரிக்கா. ‘விளையாட்டு’ என்னும் சொல்லிலேயே சூதாட்டம் அடங்கும். ஆகவே அது விலக்கப்பட்டதே என்றும் வாதிட்டது. ஒரு வல்லரசின் சட்டத்தகுதி ஓர் அடைப்புக்குறிக்குள் கிடந்த சொல்லின் பொருளைப் பொறுத்திருந்தது. உரையாசிரியர்களின் சொற்பொருள் விவாதங்களில் தோய்ந்தோர்க்கு இவ்வழக்கின் ஆவணங்கள் அந்நியமாகத் தோன்றா. விசாரணைக் குழுவும் மேல்முறையீட்டு அமைப்பும் வியன்னா உடன்படிக்கையின் பொருள்கோள் விதிகளைக் கையாண்டு, சூதாட்டச் சேவை அந்த வரியில் அடங்கும் என்றே முடிவுசெய்தன. எண்ணம் என்னவாயினும் எழுதியது எழுதியதே என்பது அதன் சாரம். உறுதியளித்த துறையில் முழுத்தடை விதிப்பது, வழங்குநர் எண்ணிக்கையைச் சுழியமாக வரையறுப்பதற்கு ஒப்பாகும் எனவும் முடிவாயிற்று.

2005 ஏப்ரலில் வெளிவந்த மேல்முறையீட்டு அறிக்கையின் இரண்டாம் பகுதி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பொது ஒழுக்கத்தையும் பொது ஒழுங்கையும் காக்கத் தேவையான நடவடிக்கைகளுக்கு அவ்வொப்பந்தத்தின் 14ஆம் உறுப்பு விலக்களிக்கிறது. ஆண்டிகுவாவோடு கலந்துபேசி இணக்கம் காண முயலாததால் அமெரிக்கத் தடை ‘தேவையானது’ ஆகாது என விசாரணைக் குழு கூறியிருந்தது. மேல்முறையீட்டு அமைப்பு அதனை ஏற்கவில்லை. கலந்தாய்வு என்பது முடிவு தெரியாத ஒரு முயற்சி. அதனைத் தடைக்கு மாற்றான நடவடிக்கையாகக் கொள்ள இயலாது என்றது. எனவே தடை தேவையானதே. ஆனால் அது பாகுபாடின்றிச் செயற்படுத்தப்பட்டது என்பதை அமெரிக்கா மெய்ப்பிக்கவில்லை. மாநிலங்களுக்கு இடையேயான குதிரைப் பந்தயச் சட்டம், உள்நாட்டு நிறுவனங்கள் தொலைவிலிருந்து பந்தயம் பெற இடங்கொடுப்பதாகத் தோன்றியதே காரணம். ஒழுக்கத்தின் பெயரால் அயலாரைத் தடுப்போர், தம் வீட்டில் அதே செயலை அனுமதிக்கலாகாது என்பதே இதன் பொருள்.

ஆண்டிகுவா வென்றது எனலாம். ஆனால் கலந்தாய்வு பற்றிய அந்தச் சிறு பத்தியே நெடுங்கால விளைவுடையது. வேறுபட்ட சட்டங்களையுடைய இரு அரசுகள் உரிமத்தின் தரம், கண்காணிப்பு, ஆடுபவர் பாதுகாப்பு ஆகியன குறித்து ஒன்றுகூடிப் பேசவேண்டும் என்னும் கடப்பாட்டை வணிகச் சட்டத்தின் வழியே உருவாக்கும் வாய்ப்பு அங்கே நழுவியது. இவ்வழக்கைப் பேசுவோர் பலரும் வெற்றி தோல்வியையே பேசி இதனைக் கடந்துவிடுகின்றனர்.

வெற்றியின் விலையும் தெரிந்ததே. 2007இல் அமெரிக்கா, தீர்ப்புக்கேற்பச் சட்டத்தைத் திருத்துவதற்கு மாறாக, அந்த உறுதியையே திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம், கனடா, ஜப்பான் முதலியவற்றுக்குக் கிடங்குச் சேவை போன்ற வேறு துறைகளில் ஈடு வழங்கி உடன்பாடு கண்டது. ஆண்டிகுவா ஆண்டுக்கு 344 கோடி டாலர் இழப்பு எனக் கோரியது. 5 இலட்சம் டாலர் போதும் என்றது அமெரிக்கா. நடுவர்கள் 2007 டிசம்பரில் 2.1 கோடி டாலர் என வரையறுத்தனர். அத்தொகை அளவுக்கு அமெரிக்க அறிவுசார் சொத்துரிமைகளுக்கான கடப்பாட்டை நிறுத்திவைக்கும் அனுமதி 2013 ஜனவரியில் ஆண்டிகுவாவுக்குக் கிடைத்தது. அவ்வனுமதி அதன் கையில் பயன்படாத ஆயுதமாகவே நின்றது. தன் சுற்றுலாவுக்கும் இறக்குமதிக்கும் யாரை நம்பியிருக்கிறதோ அந்நாட்டின் மீது பதிலடி கொடுப்பது சிறிய தீவுக்கு எளிதன்று.

பணம் செல்லும் வழி

ஜெனிவாவில் வாதம் நடந்துகொண்டிருந்தபோதே வாஷிங்டன் வேறொரு திசையில் நகர்ந்தது. 2006 அக்டோபரில் துறைமுகப் பாதுகாப்புச் சட்டத்தோடு இணைத்து நிறைவேற்றப்பட்ட சட்டவிரோத இணையச் சூதாட்டச் செயலாக்கச் சட்டம், ஆடுபவரைத் தொடவில்லை. அயல்நாட்டு வழங்கியைத் தேடிச் செல்லவும் இல்லை. சட்டவிரோதப் பந்தயத்துக்கான பணத்தை ஏற்பதைக் குற்றமாக்கியது. அத்தகைய பரிமாற்றங்களை அடையாளங்கண்டு தடுக்கும் பொறுப்பை வங்கிகள், அட்டை நிறுவனங்கள் மீது சுமத்தியது. ஜிப்ரால்டரிலிருந்து இயங்கி, லண்டன் பங்குச்சந்தையில் இடம்பெற்றிருந்த பார்ட்டிகேமிங் நிறுவனத்தின் பங்கு மதிப்பு, நாடாளுமன்றம் இச்சட்டத்தை நிறைவேற்றிய செய்தி வந்த ஒரே நாளில் பாதிக்கும் மேல் சரிந்தது. அந்நிறுவனம் அமெரிக்கச் சந்தையை விட்டு விலகியது. எந்த நீதிமன்றமும் அதற்கு ஆணையிடவில்லை.

விலகாதோர் 2011 ஏப்ரல் 15 அன்று அகப்பட்டனர். போக்கர்ஸ்டார்ஸ், புல் டில்ட், அப்சல்யூட் போக்கர் ஆகிய தளங்களை நடத்தியோர் மீதான குற்றப்பத்திரிகை, சூதாட்டத்தோடு வங்கி மோசடியையும் பணச்சலவையையும் சுமத்தியது. பந்தயப் பணம் நகை, கோல்ஃப் பந்து முதலிய பொருள்களின் விற்பனைபோல் வங்கிகளுக்குக் காட்டப்பட்டது என்பது குற்றச்சாட்டு. வங்கியை ஏமாற்றிய இடம் ஐயத்துக்கிடமின்றி அமெரிக்க மண். பந்தயம் எந்த மண்ணில் வைக்கப்பட்டது என்ற கடினமான வினாவை விடுத்து, விடை தெளிவான வினாவுக்கு வழக்கு நகர்த்தப்பட்டது. சட்டநுட்பம் என்ற அளவில் இதனை மெச்சலாம். ஆயினும் உலகின் அட்டைப் பரிமாற்றங்களையும் டாலர் தீர்வையையும் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் அரசுக்கே இந்நுட்பம் முழுமையாகக் கைகூடும் என்பதை மறத்தலாகாது.

வழங்கிடமும் நுகர்விடமும்: பிரிட்டன், மால்டா

பிரிட்டனின் அனுபவம் வேறுவகையானது. அதன் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் வழங்கிடக் கோட்பாட்டை ஏற்றது. அதாவது நிறுவனம் எங்கிருந்து இயங்குகிறதோ அங்கேயே உரிமம். பிரிட்டன் நம்பத்தகுந்தவை எனப் பட்டியலிட்ட ஆட்சிப்பகுதிகளின் நிறுவனங்கள் அங்கே விளம்பரம் செய்யலாம்; 2008இல் அப்பட்டியலில் ஆண்டிகுவாவும் சேர்க்கப்பட்டது. அமெரிக்கா குற்றமெனக் கண்ட உரிமத்தை மற்றொரு பெருநாடு ஏற்றுக்கொண்டது சுட்டத்தக்கது. ஆனால் அந்நம்பிக்கை ஆறு ஆண்டுகளே நிலைத்தது. 2014 நவம்பர் 1 முதல், பிரிட்டனில் இருக்கும் ஒருவரிடம் பந்தயம் பெறும் எந்நிறுவனமும் பிரிட்டனின் ஆணையத்திடமே உரிமம் பெறவேண்டும் என்னும் நுகர்விடக் கோட்பாடு நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே வரியும் ஆடுபவர் இருப்பிடத்தைப் பின்தொடர்ந்தது. நுகர்வோர் பாதுகாப்பு காரணமாகச் சொல்லப்பட்டது. வரி வருவாயும் காரணமே என்பதை அடுத்தடுத்த இவ்விரு நாள்களே காட்டிவிடுகின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லை கடந்து சேவை வழங்கும் உரிமை அடிப்படை உரிமை. எனவே ஓர் உறுப்புநாட்டின் உரிமம் பிற உறுப்புநாடுகளிலும் செல்லும் என நிறுவனங்கள் எதிர்பார்த்தன. 2003ஆம் ஆண்டின் கம்பெல்லி தீர்ப்பு, சூதாட்ட விளம்பரத்தால் வருவாய் ஈட்டும் அரசு ஒழுக்கத்தைக் காரணங்காட்டி அயலாரைத் தடுக்க இயலாது எனக் கூறி அவ்வெதிர்பார்ப்பை வளர்த்தது. 2009இல் போர்ச்சுகல் தொடர்பான வழக்கில் நீதிமன்றம் எதிர்த்திசை காட்டியது. இணையச் சூதாட்டம் ஒன்றிய அளவில் ஒருங்கிணைக்கப்படாத துறை. ஆகவே மற்றொரு நாட்டின் கண்காணிப்பைப் போதுமானதாக ஏற்கும் கட்டாயம் எந்நாட்டுக்கும் இல்லை என்றது.

இத்தீர்ப்பின் நிழலில் வளர்ந்ததே இன்றைய மால்டாச் சிக்கல். ஒன்றியத்தின் மிகச்சிறிய உறுப்புநாடான மால்டா, 2004 முதல் இணையச் சூதாட்ட உரிமத்தைத் தன் பொருளாதாரத்தின் தூண்களுள் ஒன்றாக்கிக்கொண்டது. ஆஸ்திரியா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் உள்ளூர் உரிமமின்றி இயங்கிய மால்டா நிறுவனங்களிடம் பணம் இழந்தோர், ஒப்பந்தமே செல்லாது என வழக்கிட்டு இழந்த தொகையைத் திரும்பப்பெறும் தீர்ப்புகளை ஈட்டினர். ஒன்றியத்தின் 1215/2012 ஒழுங்குவிதியின்படி அத்தீர்ப்புகள் மால்டாவில் நிறைவேற்றப்பட வேண்டும். 2023 ஜூனில் மால்டா தன் சூதாட்டச் சட்டத்தில் 56ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. தன் உரிமத்துக்கு உட்பட்ட செயலுக்காக வழங்கப்பட்ட அயல்நாட்டுத் தீர்ப்பைத் தன் நீதிமன்றங்கள் ஏற்கவும் நிறைவேற்றவும் மறுக்கவேண்டும் என்கிறது அப்பிரிவு. அதற்கு மால்டா காட்டும் காரணம் ‘பொதுக்கொள்கை’. ஆண்டிகுவா வழக்கில் சூதாட்டத்தைத் தடுக்கப் பயன்பட்ட பொது ஒழுங்கு என்னும் கருத்தின் உடன்பிறப்பே, இங்கே சூதாட்ட நிறுவனத்தைக் காக்கப் பயன்படுகிறது. 2025 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் மால்டாவுக்கு எதிராக விதிமீறல் நடவடிக்கையைத் தொடங்கியது.

கையில் தீர்ப்பு இருக்கிறது. சொத்து இருக்கும் தீவில் அது செல்லாது. உரிமம் அளிக்கும் நாடு யாருடைய காவலர் என்னும் வினாவுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தமிழ்நாடும் இந்தியாவும்

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலின் 34ஆம் பதிவு. எனவே நாடுகளுக்கு இடையில் உள்ள முரண் இந்தியாவுக்குள்ளேயே மாநிலங்களுக்கு இடையிலும் உண்டு. இணைய விளையாட்டில் பணமிழந்து கடன்பட்டோர் தற்கொலை செய்துகொண்ட நிகழ்வுகள் தமிழ்நாட்டைச் சட்டமியற்றத் தூண்டின. 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் செல்லாததாக்கியது. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் புதிய சட்டவரைவு 2022 அக்டோபரில் நிறைவேறியது. ஆளுநர் அதனைத் திருப்பியனுப்ப, மீண்டும் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் இச்சட்டத்தைப் பொதுவாக ஏற்று, ரம்மி, போக்கர் ஆகியவற்றை வாய்ப்பு விளையாட்டுகளாகத் தடைசெய்த அட்டவணையை மட்டும் நீக்கியது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டுக்கு விலக்கு, ஆதார்வழி அடையாளச் சரிபார்ப்பு ஆகிய விதிகளை 2025 ஜூனில் உறுதிசெய்தது.

தமிழ்நாட்டுச் சட்டம் ‘உள்ளூர் சாரா’ வழங்குநரையும் கருத்தில் கொண்டது. 1957ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தொடர்புக் கோட்பாடு அதற்குத் துணைநிற்கிறது. ஆனால் அதிகாரம் இருப்பது வேறு. கருவி இருப்பது வேறு. தளமொன்றை முடக்கும் அதிகாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி ஒன்றிய அரசினது. வங்கிகளையும் பணப்பரிமாற்ற நிறுவனங்களையும் நெறிப்படுத்துவதும் ஒன்றியத்தின் கையில். பெங்களூர் இதழின் படிவத்தைப் பம்பாயின் முகவரிடம் கைப்பற்றலாம். அயல்நாட்டுத் தளத்துக்குத் தமிழ்நாட்டில் முகவர் கடை இல்லை.

ஒன்றிய அரசு முதலில் வரியின் வழியே இதனுள் நுழைந்தது. 2023 அக்டோபர் முதல் இணையப் பண விளையாட்டின் முழு வைப்புத்தொகை மீதும் 28 விழுக்காடு சரக்கு – சேவை வரி விதிக்கப்பட்டது; அயல்நாட்டு வழங்குநரும் இந்தியாவில் பதிவுசெய்து வரி செலுத்தவேண்டும், தவறினால் தளம் முடக்கப்படலாம் எனச் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் திசை மாறியது. 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், திறனா வாய்ப்பா என்ற பழைய பாகுபாட்டை ஒதுக்கி, பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுச் சேவைகளையும் தடைசெய்கிறது. இந்தியாவுக்கு வெளியிலிருந்து இயக்கப்படுபவற்றுக்கும் அது பொருந்தும். சேவை வழங்குவோர்க்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் உண்டு. விளம்பரமும் பணப்பரிமாற்ற உதவியும் தனித்தனிக் குற்றங்கள். ஆடுபவர் குற்றவாளியல்லர். அமெரிக்காவின் 2006ஆம் ஆண்டு வழிமுறையின் சாயல் இதில் தெளிவு. இச்சட்டத்துக்கு எதிராக உயர்நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை உச்சநீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

உள்நாட்டு நிறுவனங்கள் இத்தடைக்குக் கட்டுப்பட்டுச் சேவையை நிறுத்தின. அவற்றுக்கு அலுவலகமும் வங்கிக் கணக்கும் இங்கே உள்ளன. குராசாவ் போன்ற தீவுகளில் உரிமம் பெற்றவற்றுக்கு அவை இல்லை. அங்கே நீண்டகாலம் ஒரு சில தலைமை உரிமதாரர்கள் எண்ணற்ற தளங்களுக்குத் துணையுரிமம் வழங்கிவந்தனர். 2024 டிசம்பரில்தான் அம்முறையை ஒழிக்கும் புதிய சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. முடக்கப்படும் தளம் வேறு முகவரியில் எழுவதும், பணம் இடைத்தரகரின் தனிக்கணக்குகள் வழியாகவோ மறையீட்டு நாணயமாகவோ செல்வதும் வங்கியைக் காவலராக்கும் முறையின் எல்லையைக் காட்டுகின்றன.

அவ்வாறான தளமொன்றில் பணமிழந்த ஒருவரின் நிலையை ஆஸ்திரியரின் நிலையோடு ஒப்பிடலாம். ஆஸ்திரியர் தம் நாட்டு நீதிமன்றத்தில் வழக்கிட்டு, செல்லாத ஒப்பந்தத்தின்கீழ் கொடுத்த பணத்தைக் கோரலாம், தீர்ப்பும் பெறலாம், தடை மால்டாவில்தான். இந்தியரைப் பொறுத்தவரை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவு, பந்தய உடன்பாட்டைச் செல்லாததாக்குவதோடு, பந்தயத்தில் வென்றதையோ, அதன் முடிவுக்கு உட்பட்டு ஒருவரிடம் ஒப்படைத்ததையோ மீட்க வழக்கிடுவதையும் தடுக்கிறது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் அப்பிரிவு திருத்தப்படாமல் அப்படியே இருக்கிறது.